24 ஹெச்.பி.க்கு எத்தனை அடி மல்ச்சர்?

இந்த இதழில் மினி டிராக்டரில் பூட்டும் மல்ச்சர் பற்றிய கேள்விகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். புல்லையும் களையையும் வெட்டி மூடாக்காகப் பரப்பும் கருவி இது. விலைப்பட்டியலில் ஃப்ளெயில் மோவர் என்று இருப்பதும் ஏறக்குறைய இதே கருவிதான். படுக்கைவாட்டில் ஓர் உருளைத் தண்டு, அதில் வரிசையாகத் தொங்கும் கத்திகள். தண்டு வேகமெடுத்ததும் கத்திகள் விறைத்து நின்று வெட்டும், கல்லில் பட்டால் மடங்கிக்கொடுக்கும்.

ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு, மரத்துக்கு மரம் 25 அடி. மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் ஓட்டினால் வேர் அறுபடுகிறது. என்னிடம் இருப்பது 24 ஹெச்.பி. மினி டிராக்டர். கடையில் 5 அடி மல்ச்சரே ஓடும் என்கிறார்கள். வாங்கலாமா?
– ஆனைமலை வாசகர்

சுற்றுவது என்னவோ சுற்றும். புல் அடர்ந்த இடத்துக்கு வந்ததும் திணறும். 24 என்பது எஞ்சினின் சக்தி. பி.டி.ஓ.வுக்கு, அதாவது கருவியைச் சுழற்றும் டிராக்டரின் பின்பக்கத் தண்டுக்கு, வந்து சேர்வது 20, 21 ஹெச்.பி.தான். டிராக்டர் புத்தகத்தில் 'பி.டி.ஓ. ஹெச்.பி.' என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். முழங்கால் உயரப் புல்லுக்கும் சாதாரணக் களைக்கும் வெட்டும் அகலத்தில் அடிக்கு 5 ஹெச்.பி. வேண்டும். தடித்த தண்டுள்ள களை, கனமான சுத்தியல் கத்தி என்றால் அடிக்கு 7 வரை போகும். உங்கள் டிராக்டருக்கு 4 அடிதான் சரி.

5 அடி வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம். ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 6 அடி ஆர வட்டப்பாத்தியை விட்டுவிட்டால், இரண்டு வரிசைக்கு நடுவில் ஓட்ட வேண்டியது 13 அடி. ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி ஓட்டுவதைக் கழித்தால் 4 அடி மல்ச்சருக்கு நாலு நடை, 5 அடிக்கு மூன்று நடை. ஒரு நடை குறைகிறது, சரி. ஆனால் சக்தி போதாமல் பாதி வேகத்தில் ஊர்ந்தால் அந்த லாபம் அங்கேயே போய்விடும். 4 அடி கருவியை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திருப்பும் நேரத்தையும் சேர்த்து ஏக்கருக்கு ஒன்றரை மணி முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

வாங்கும் முன் பின் டயர்களின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்துகொள்ளுங்கள். மல்ச்சர் அதைவிட இரண்டு அங்குலமாவது அகலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்துப் படுத்த புல் வெட்டுப்படாமல் கோடு கோடாக நிற்கும். டயர் அகலம் கூடுதலாக இருந்தால், ஒரு பக்கம் தள்ளிப் பொருத்தும் வசதியுள்ள மாடலாகப் பாருங்கள். பாத்தி ஓரம் வெட்டவும் அது உதவும்.

ஒய் கத்தியா, சுத்தியல் கத்தியா? மாந்தோப்பு. புல்லும் இருக்கிறது, கவாத்து செய்த குச்சிகளும் கிடக்கின்றன.
– பெரியகுளம் வாசகர்

மினி டிராக்டருக்கு ஒய் கத்தி. இரண்டு வளைந்த தகடுகள் முதுகோடு முதுகாகத் தொங்கும் வகை இது. எடை குறைவு, புல்லைச் சுத்தமாக அறுக்கும், ஒரு முனை மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். பெருவிரல் பருமனுள்ள குச்சி வரை சமாளிக்கும். சுத்தியல் கத்தி கனமானது. அறுப்பதைவிட அடித்து நொறுக்கும். இளம்புல்லைக் கொடுத்தால் பிய்த்துப் போடும், சக்தியும் அதிகம் கேட்கும். 45 ஹெச்.பி. டிராக்டர் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கவாத்துக் குச்சிகளில் பெருவிரலுக்கு மேல் பருமனானவற்றைப் பொறுக்கி வெளியே போட்டுவிடுங்கள். மீதியை இரண்டு வரிசைக்கு நடுவில் மெல்லிய வரப்புபோலப் பரப்பிவிட்டு, மிகக் குறைந்த கியரில் ஒரு முறை மேலாகவும் அடுத்த முறை தாழ்த்தியும் ஓட்டுங்கள்.

தென்னை மட்டையை இதிலேயே தூளாக்கலாமா?
– பேராவூரணி வாசகர்

ஓலைப் பகுதியை ஓரளவு. அடிமட்டையை முடியாது. அது உருளைக்கும் மூடிக்கும் நடுவில் சிக்கினால் பெல்ட் கருகும், இல்லையென்றால் ஷியர் போல்ட் (சுமை மிஞ்சினால் தானே அறுந்து கருவியைக் காக்கும் போல்ட்) அறுந்துபோகும். அதற்கென்றே நிறுத்தி வைத்து இயக்கும் மட்டை தூளாக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. மல்ச்சர் ஓட்டும் முன் மட்டை, பாளை, தேங்காய் மூன்றையும் பொறுக்கிவிடுவது நல்லது. நார் அவிழ்ந்து தண்டில் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும்.

மல்ச்சரை உயர்த்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு மாதத்தில் டிராக்டரின் பி.டி.ஓ. ஆயில் சீலும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. கருவி கோளாறா, டிராக்டர் கோளாறா?
– கோபிசெட்டிபாளையம் வாசகர்

பெரும்பாலும் இரண்டும் இல்லை. டிராக்டரின் பி.டி.ஓ.வையும் மல்ச்சரையும் இணைக்கும் ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது. கருவியோடு வரும் ஷாஃப்ட் பெரிய டிராக்டருக்கும் எட்டும்படி விடப்பட்டிருக்கும். மினி டிராக்டரில் பி.டி.ஓ. முனைக்கும் மல்ச்சர் கியர் பாக்ஸுக்கும் இடைவெளி குறைவு. உயர்த்தும்போது ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களும் முழுக்க உள்ளே போய் முட்டி, டிராக்டரின் பி.டி.ஓ. தண்டையே உள்நோக்கி இடிக்கின்றன. சீல் ஒழுகுவது முதல் அறிகுறிதான். அப்படியே விட்டால் அடுத்தது பேரிங்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். மல்ச்சரைப் பூட்டி, ஷாஃப்ட் பொருந்தும் இரண்டு முனைகளும் மிக நெருக்கமாக வரும் உயரத்தில் நிறுத்துங்கள். பல டிராக்டர்களில் ஷாஃப்ட் நேராக, கிடையாக வரும் நிலை அது. அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்குகொடுங்கள், ஹைட்ராலிக்கை நம்ப வேண்டாம். ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை டிராக்டரிலும் மறு பாதியை மல்ச்சரிலும் மாட்டி, பக்கத்தில் பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்றின் முனை மற்றதன் அடியில் முட்டும் இடத்துக்கு 3 அல்லது 4 சென்டிமீட்டர் முன்பாகவே குறி வையுங்கள். உள்குழாய், வெளிக்குழாய், பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவு வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் பிசிறு இல்லாமல் அரத்தால் தேய்த்து, தூளைத் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

அதிகமாக வெட்டிவிட்டால் வேறு ஆபத்து. ஷாஃப்ட் முழுதாக நீளும் நிலையிலும் ஒரு குழாய் மற்றதற்குள் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டத்தில் கழன்று சாட்டைபோல அடிக்கும். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டி, மாட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி வெட்டுங்கள்.

இன்னொன்று. வரப்பு தாண்டும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமலே கருவியை உச்சிக்கு உயர்த்துகிறார்கள். ஷாஃப்டின் கோணம் 30 டிகிரியைத் தாண்டினால் அதன் மூட்டிலுள்ள சிலுவை வடிவக் கிராஸ் கடகடவென்று அடிக்கும், சீக்கிரம் போய்விடும். போதாததற்கு, உயர்த்திய மல்ச்சர் கல்லைப் பின்னால் வீசும்.

என் டிராக்டர் பி.டி.ஓ. லீவரில் 540 (நிமிடத்துக்கு 540 சுற்று) தவிர இன்னொரு வேகமும் இருக்கிறது. அதில் போட்டால் நன்றாக வெட்டுமே?
– மணப்பாறை வாசகர்

போடவே போடாதீர்கள். மல்ச்சரின் கியர் பாக்ஸும் புல்லியும் 540-ஐ ஏறக்குறைய நாலு மடங்காக்குகின்றன. தண்டு நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் ஓடும். பி.டி.ஓ. 980-இல் ஓடினால் அது 3,600-ஐத் தாண்டும். கத்தியைத் தாங்கும் போல்ட் மீது விழும் இழுவை மூன்று மடங்குக்கும் மேல். பிய்த்துக்கொண்டு போகும் கத்தி துப்பாக்கிக் குண்டுக்குச் சமம்.

வேகம் குறைந்தாலும் கெடுதல்தான். டீசல் மிச்சம் என்று ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து பி.டி.ஓ.வை 400-இல் ஓட்டினால் கத்தியின் வெட்டு விசை பாதியாகிவிடும். புல் அறுபடாமல் மடியும், மூடிக்குள் அடைக்கும். மீட்டரில் 540 என்று குறித்திருக்கும் எஞ்சின் வேகத்தை மாற்றாதீர்கள். மெதுவாகப் போக வேண்டுமானால் கியரைக் குறையுங்கள்.

பெல்ட் இரண்டு முறை கருகிவிட்டது. கூடவே அதிர்வும் வந்திருக்கிறது.
– சங்ககிரி வாசகர்

இரண்டுக்கும் ஒரே காரணமாக இருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, கருவிக்குக் கட்டை முட்டுக்கொடுத்த பிறகு குனிந்து பாருங்கள். தண்டின் இரண்டு முனைகளிலும், பேரிங் பக்கத்தில், நைலான் கயிறு, பழைய சேலைத்துணி, கம்பி ஏதாவது சுற்றியிருக்கிறதா? அதுதான் உருளையைப் பிடித்து இழுத்துப் பெல்ட்டை வழுக்கவிடும். பேரிங் சீலையும் அறுத்துவிடும்.

அடுத்து கத்திகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அதிரும். ஒரு கத்தியைப் புதிதாகப் போட்டால் தண்டில் அதற்கு நேர் எதிரே உள்ளதையும் மாற்ற வேண்டும். தேய்ந்ததும் புதியதும் எதிரெதிரே இருந்தால் எடை சமமாகாது. போல்ட் கம்பெனி கொடுத்த தரத்திலேயே இருக்கட்டும், நட்டு நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும். கடைத்தெரு போல்ட் வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் பெல்ட் இறுக்கத்தைப் பாருங்கள். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர் இறங்கலாம். புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே நீளும், மறுபடி இறுக்காமல் விடுவதால்தான் பெரும்பாலும் இரண்டாவது செட்டும் போகிறது. மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தாலும் மூன்றையும் மாற்றுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பி.டி.ஓ.வைப் போட்டு, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். முழு ஆக்ஸிலரேட்டரில் லீவரைப் போடுவது பெல்ட்டைத் தீயில் வைப்பதற்குச் சமம்.

கிரீஸ்: கிராஸுக்கும் தண்டு பேரிங்குக்கும் 8 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை. கியர் பாக்ஸில் 90 நம்பர் ஆயில். முதல் 50 மணி நேரத்தில் மாற்றிவிட்டால் புதுப் பல்லிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள் வெளியேறிவிடும்.

ஸ்லாஷர் (செங்குத்துத் தண்டில் கத்தி சுழலும் புதர்வெட்டி) மலிவாகக் கிடைக்கிறதே. அது போதாதா?
– தாராபுரம் வாசகர்

ஆளில்லாத மேய்ச்சல் காட்டுக்குப் போதும். உயர்ந்த புதரையும் அது நன்றாகவே வெட்டும். ஆனால் புல்லை நீளமாக அறுத்து ஒரு பக்கம் குவிக்கும், கல்லையும் வெகுதூரம் வீசும். மூடாக்காகப் பரவலாக விழ வேண்டுமென்றால், வேலி ஓரம் ரோடும் வீடும் இருந்தால் மல்ச்சர்தான். அதுவும் கல் வீசாமல் இருக்காது. முன்னாலுள்ள சங்கிலியோ ரப்பர் திரையோ இல்லாமல் ஓட்டக் கூடாது, 50 மீட்டருக்குள் ஆள், மாடு இருக்கக் கூடாது.

பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து மடக்குகிறேன். எத்தனாவது நாளில் மல்ச்சர் விடலாம்?
– திண்டிவனம் வாசகர்

பூக்கத் தொடங்கியதும், 45 நாள் வாக்கில். தள்ளிப்போட்டால் நார் முற்றிவிடும். சணப்பு நார்ப் பயிர் என்பதை மறந்துவிடக் கூடாது, தண்டில் கயிறு திரித்துவிடும். இன்னொரு சிக்கல், டிராக்டரின் அடிப்பகுதியே செடியை முன்புறம் சாய்த்துவிடுவதால் கத்திக்கு எட்டாமல் சில படுத்துக்கொள்ளும். முதல் நடை ஒரு அடி உயரத்தில், இரண்டாவது நடை எதிர்த்திசையிலிருந்து தாழ்த்தி. படுத்தது அப்போது எழுந்துகொடுக்கும்.

சொட்டுநீர்க் குழாய் இருக்கும் தோப்பில் ஓட்ட முடியுமா?
– உடுமலை வாசகர்

குழாயைச் சுருட்டி மரத்தடிக்கு ஒதுக்கினால் முடியும். இடத்தில் விட்டுவிட்டு 'உயர்த்தி ஓட்டிக்கொள்ளலாம்' என்று நினைக்காதீர்கள். கத்தி சுழலும் வேகத்தில் காற்றும் மேலே இழுக்கும். 16 மில்லிமீட்டர் குழாயின் ஒரு நுனி உள்ளே போனால் வரிசை முழுவதையும் உருவிச் சுற்றிக்கொள்ளும். கேட் வால்வு, மண்ணுக்கு வெளியே நீட்டியிருக்கும் பிளஷ் குழாய் இவற்றுக்கு உயரமான குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். புல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாது. மல்ச்சரின் பின்னால் தரையில் உருண்டு வரும் உருளையைச் சரிசெய்து, வெட்டும் உயரத்தை 2 அங்குலத்துக்குக் குறையாமல் வையுங்கள். மண்ணைத் தொட்டால் கத்தி வாரத்தில் மழுங்கும்.

கடையில் நிற்கும்போது எதைப் பார்த்து வாங்குவது? மானியம் உண்டா?
– விராலிமலை வாசகர்

கியர் பாக்ஸில் ஷாஃப்ட் மாட்டும் முனையைக் கையால் திருப்புங்கள். ஒரு திசையில் உருளை சேர்ந்து சுற்ற வேண்டும், மறு திசையில் முனை மட்டும் தனியாகச் சுற்ற வேண்டும். ஃப்ரீவீல் இருப்பதற்கு அதுதான் அடையாளம். சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் ஒரே கிளட்ச் உள்ள ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் இது இல்லாவிட்டால், கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் உருளையின் வேகமே வண்டியை முன்னால் தள்ளும். வரப்போரத்தில் அது விளையாட்டல்ல. ஃப்ரீவீல் இல்லாத கருவி பிடித்திருந்தால், ஃப்ரீவீல் உள்ள ஷாஃப்டாகக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு பின்கள். கேட்டகரி 1 (கருவியை டிராக்டரில் பூட்டும் இணைப்பின் அளவு வகை) கருவிக்கு லோயர் லிங்க், அதாவது கீழ்க் கைகளின் பின் 22 மில்லிமீட்டர், டாப் லிங்க், அதாவது மேல் கையின் பின் 19. சிறிய மினி டிராக்டர்களில் கைகள் நெருக்கமாக இருக்கும், இடைவெளியை அளந்து போங்கள். எடை 200 கிலோவைத் தாண்டும். ஹைட்ராலிக் தூக்கிவிடும், ஆனால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. முன் எடைக்கட்டிகளை மாட்டிக்கொள்ளுங்கள். கத்தி, பெல்ட், பேரிங் மூன்றும் அந்தக் கடையிலேயே இருப்பில் உள்ளதா என்று கேட்டு, ஒரு செட் கத்தியும் ஒரு செட் பெல்ட்டும் சேர்த்தே பில் போடச் சொல்லுங்கள்.

மானியம் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக. இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. உழவன் செயலியில் பதியலாம். அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலுக்கு மட்டுமே கிடைக்கும், எனவே உங்கள் ஹெச்.பி.க்கு ஏற்ற அகலம் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி வருமுன் பணம் கட்டி வாங்கிவிட்டு பில்லோடு போனால் கிடைக்காது.