வில்லின் நுனி இளைக்க வேண்டும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: பேம்பூ பஜாரில் வாங்கிய முதிர்ந்த மூங்கிலைப் பிளந்து ஐந்தரை அடி நீளத்தில் ஒரு வில் செய்தேன். 28 அங்குலம் இழுத்தால் தராசு 40 பவுண்டு காட்டுகிறது. தேக்கில் செதுக்கிய என் அம்புகள் ஒவ்வொன்றும் 40 கிராம் எடை. அவை 120 மீட்டரைத் தாண்டுவதில்லை. வில்லைத் தடிமனாகச் செய்தால் தூரம் கூடும் என்கிறார் எங்கள் தெருத் தச்சர். வெளிப்புறக் கணுக்களை வழவழப்பாக இழைத்த இடத்தில் ஒரு சிலாம்பும் எழுந்துள்ளது. என்ன செய்வது? – ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் அந்த வில்லை நாணிறக்கி வைத்துவிடுங்கள், இனி அதை இழுக்க வேண்டாம். வில் வளையும்போது இலக்கை நோக்கிய முதுகுப் பக்கம் இழுபடுகிறது, உங்களை நோக்கிய வயிற்றுப் பக்கம் நசுங்குகிறது. மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டியே அடர்ந்திருப்பதால் அந்தப் பக்கத்தை முதுகாக வைத்தது சரி. ஆனால் கணுவில் நார்கள் மேடேறி இறங்கி ஓடுகின்றன. அந்த மேட்டை இழைத்துச் சமமாக்கியபோது நார்கள் அறுந்துவிட்டன, சிலாம்பு அங்கிருந்துதான் எழும்பியிருக்கிறது. நூல் சுற்றிப் பசை பூசினால் சில நாள் தாங்கும் என்றாலும், முகத்துக்கு அருகில் முறியக்கூடிய ஒன்றை நம்பி முழு இழுப்பு இழுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது. அடுத்த வில்லில் கணுக்களைத் தொடாமல், மேலுள்ள மெழுகுத் தோலை மட்டும் கத்தியால் சுரண்டுங்கள். பிளந்த மூங்கிலை நிழலில் நிறுத்தி வைத்து வாரம் ஒருமுறை எடை போட்டு, எடை குறைவது நின்ற பிறகே வேலையைத் தொடங்குங்கள். மழை மாதங்களில் இதற்குப் பொறுமை அதிகம் தேவைப்படும்.

தடிமன் விஷயத்தில் தச்சரின் யோசனை பொருந்தாது. நாணை விடும்போது வில்லில் சேர்ந்த ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போவதில்லை; வில்லின் கைகளும் (பிடிக்கு இருபுறமும் வளையும் பகுதிகள்) அதில் பங்கு கேட்கின்றன. கைகளில் மிக அதிக தூரம், மிக வேகமாக நகர்வது நுனியே என்பதால், நுனியில் கூடுகிற ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்கிறது. ஆகவே அடுத்த வில்லின் இரு முனைகளிலும் கடைசி ஒரு சாண் அளவை, தடிமனை அதிகம் குறைக்காமல் பக்கவாட்டில் மட்டும் சீவி, சுண்டுவிரல் அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். பின்னர் வில்லைச் சுவரில் மாட்டி, கப்பி வழியாக நாணை இரண்டு இரண்டு அங்குலமாக இழுத்து, எந்த இடம் விறைத்து நிற்கிறதோ அங்கே மட்டும் வயிற்றுப் பக்கம் சுரண்டுங்கள். ஒவ்வொரு சுரண்டலுக்குப் பிறகும் இருபது முறையாவது மெல்ல இழுத்து விட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இந்த வேலைக்கு ஒரு முழு வார இறுதி போனாலும் அது வீணல்ல. நல்ல வில் உருவாவது இங்கேதான்.

அம்பே உங்கள் பெரிய தடை. 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் மேரி ரோஸில் கிடைத்த யூ மர விற்கள், பெரும்பாலும் 100 பவுண்டுக்கு மேல் இழுப்பு கொண்டவை எனக் கணிக்கப்படுகின்றன. கவசத்தில் பாய வேண்டிய கனமான அம்புகளுக்காக அவை செய்யப்பட்டன. இஸ்தான்புல்லின் ஓக்மெய்தானி மைதானத்தில் தூரத்துக்காகவே எய்த துருக்கியரோ, கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் ஒட்டிய குட்டை வில்லில், நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்த இலகுவான அம்பை எய்து, அது விழுந்த இடத்தில் கல் நட்டார்கள். உங்கள் நோக்கம் அவர்களுடையது. வடமொழியில் சரம் என்ற சொல் அம்பையும் நாணலையும் ஒருசேரக் குறிக்கிறது. நேரான நாணல் தண்டோ மெல்லிய மூங்கிலோ தேக்கைவிட உங்களுக்கு ஏற்றது. மர வில்லுக்கு ஒரு பவுண்டு இழுப்புக்கு அரை கிராம் என்பதை அம்பின் குறைந்தபட்ச எடையாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதைப் போன்ற 40 பவுண்டு வில்லுக்கு அது 20 கிராம். அதற்கும் கீழே போனால் அம்பில்லாமல் வெறும் நாணை விட்டதுபோல் வில் அதிர்ந்து உடையக்கூடும். இறகுகள் மூன்றும் சிறிதாக, தாழ்வாக இருக்கட்டும். காற்றின் தடையால் 45 பாகைக்குச் சற்றுக் கீழே எய்வதே அதிக தூரம் தரும்.

கேள்வி: சென்னையில் எய்ததைவிட இங்கே அதே அம்பு கூடுதலாகப் போகிறது என்கிறார் என் அண்ணன். உண்மையா? – ஒரு வாசகி, சிவாஜிநகர், பெங்களூரு

பதில்: உண்மையாக இருக்கலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் குறைகிறது, அதனால் தடையும் குறைகிறது. ஆனால் கடற்கரை ஈரத்தில் மூங்கில் தளர்ந்து, இங்கே உலர்ந்து விறைப்பதும் காரணமாகலாம். இரண்டையும் பிரித்தறிய, இரு ஊர்களிலும் எய்வதற்கு முன் வில்லின் இழுப்பைத் தராசில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்று வீசும் திசையிலும் எதிர்த்திசையிலும் எய்து சராசரி எடுக்க வேண்டும். இதைப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ செய்யக் கூடாது. அம்பு போகக்கூடிய தூரத்தைப் போல இரு மடங்கு வெளி, எல்லைவரை கண்ணுக்குத் தெரியும்படி ஆளரவமின்றி இருக்கும் இடத்திலேயே செய்யட்டும்.