எபிசோட் முடியட்டும் என்று காத்திருந்த அம்மா

கேள்வி: எனக்கு வயது 23. பள்ளியில் படித்த காலத்திலிருந்தே அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்கள் பார்க்கிறேன். ‘ஒன் பீஸ்’ என்றால் எனக்கு உயிர். அதில் கடற்கொள்ளையனாகக் கிளம்பும் நாயகன் லூஃபியின் அம்மா யார் என்று நானும் என் நெருங்கிய தோழியும் ஏழு வருடமாக ஆராய்ந்து வருகிறோம். எந்த எபிசோடில் யார் என்ன சொன்னார், யாருடைய முகச்சாயல் யாருக்கு இருக்கிறது என்று மூன்று நோட்டு நிறையக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் லூஃபி கடைசியில் யாரை விரும்புவான் என்று பேச்சு வந்தது. அவள் கடற்கொள்ளை அரசி ஹான்காக் என்றாள், நான் அவன் கப்பலிலேயே இருக்கும் நாமி என்றேன். வார்த்தை தடித்து, “உனக்குக் கதையே புரியவில்லை” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் பேசுவதில்லை. எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை. வேலை முடிந்து வந்ததும் இரவில் பழைய எபிசோடுகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் மேசை இல்லாததால் அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டி மேல்தான் லேப்டாப்பை வைத்துப் பார்ப்பேன். அம்மா அதிலிருந்து ஏதாவது எடுக்க வந்தால்கூட எபிசோட் முடியட்டும் என்று காத்திருப்பார், அவ்வளவு பொறுமைசாலி. (அப்பா எனக்கு இரண்டு வயதிலேயே தவறிவிட்டார்.) தோழியிடம் நானே முதலில் பேசலாமா? கற்பனைப் பாத்திரங்களுக்காக இவ்வளவு வருந்துவது அசட்டுத்தனமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன். என் மகளைவிட வயதில் சின்னவள் நீ.

கேட்ட இரண்டையும் முதலில் முடித்துவிடலாம். தோழியிடம் நீயே பேசு. “உனக்குக் கதையே புரியவில்லை” என்று சொன்னவள் நீ, ஆகவே இறங்கி வர வேண்டியவளும் நீதான். லூஃபி விஷயத்தில் நீங்கள் இருவரும் சண்டை போட அவன் இடமே வைக்கவில்லை. ஹான்காக் அவனை நினைத்துக் காதல் நோயில் படுத்தாள். அவளிடமே, கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவன் அவன். நாமி பக்கமும் உனக்குச் சாதகமாக ஒன்றும் கிடையாது. கப்பலில் இருப்பவர்களுக்குள் காதல் உண்டா என்று வாசகர் கேட்டதற்கு, அவர்கள் எல்லாருக்கும் சாகசத்தின் மேல்தான் காதல் என்று கதையை எழுதி வரையும் எய்ச்சிரோ ஓடாவே பதில் சொல்லியிருக்கிறார். அதற்கு மேலும் நீ ஆசைப்படலாம், அவளும் ஆசைப்படலாம். அதற்காக ஏழு வருடத் தோழியை இழக்கக் கூடாது.

கற்பனைப் பாத்திரங்களுக்காக வருந்துவது அசட்டுத்தனமா என்றால், இல்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்த காலத்தில், இன்னாருடைய அப்பா யார், இன்னாரை இன்னார் கைப்பிடிப்பாரா என்று அடுத்த இதழ் வரும்வரை மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் நாங்கள். கதையில் உருகும் மனசு நல்ல மனசுதான். அதைப் பற்றி எனக்குக் குறையே இல்லை.

என் குறை அந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

மேசை இல்லை என்று சொல்ல வந்தபோது போகிற போக்கில் அந்த வரியை எழுதியிருக்கிறாய். நான் அதைத் தாண்டிப் போக முடியாமல் நான்கு முறை படித்தேன். அம்மாவின் பெட்டி. அதிலிருந்து ஒன்றை எடுக்க இரவில் அம்மா வருகிறார். மகள் அதன் மேல் லேப்டாப்பை வைத்து, கடலில் எங்கோ போகிற ஒரு பையனின் அம்மா யார் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். பெற்ற அம்மா பக்கத்தில் நிற்கிறார். எபிசோட் முடிகிற வரைக்கும் நிற்கிறார். நீ அதற்குப் ‘பொறுமைசாலி’ என்று பெயர் வைத்திருக்கிறாய்.

அம்மா எதை எடுக்க வந்தார்?

உன் கடிதத்தில் அது இல்லை. எத்தனையாவது எபிசோடில் யார் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். உன் பின்னால் நின்றவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று தெரியவில்லை. வெறும் போர்வையாக இருக்கலாம், ஏதாவது ரசீதாக இருக்கலாம். பெரிய ரகசியம் எதுவும் அதற்குள் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 21 வருடமாக ஒரே வீட்டில் நீங்கள் இரண்டே பேர். இருந்தும் ஒருமுறைகூட உனக்குத் திரும்பிக் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் என்னைச் சுடுகிறது. ‘பொறுமைசாலி’ என்கிற வார்த்தையை இந்தப் பகுதியில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மகன்கள் எழுதுவார்கள், கணவர்கள் எழுதுவார்கள். வீட்டில் ஒருத்தியைக் காக்க வைத்துப் பழகியவர்கள் அவளுக்குக் கொடுக்கிற பட்டம் அது. ஒரு மகளிடமிருந்து அது வரும்போது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

உனக்குத் தெரிந்த கதையை வைத்தே பேசுகிறேன். 1997-இல் மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையாகத் தொடங்கி 1999-இல் அனிமேயாகவும் வந்த கதை. லூஃபியின் அப்பா யார் என்பதும் ஒரு காலத்தில் பெரிய முடிச்சுதான். அது எப்படி அவிழ்ந்தது, நினைவிருக்கிறதா? தாத்தா கார்ப் பேச்சுவாக்கில், உன் அப்பாவைப் பார்த்தாயாமே என்று போட்டு உடைக்கிறார். அரசை எதிர்க்கும் புரட்சித் தலைவன் டிராகன் என்ற பெயரைக் கேட்டுச் சுற்றி இருந்த அத்தனை பேரும் அதிர்ந்து போகிறார்கள். லூஃபியோ, எனக்கு அப்பா இருக்கிறாரா என்கிறான். அந்தப் பெயர் ஊரையே ஆட்டியது, பிள்ளையை ஒன்றும் செய்யவில்லை. ‘யார்’ என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அப்பா எப்படிப்பட்டவர், ஏன் விட்டுப் போனார், அவன் பிறந்தபோது தூக்கி வைத்திருந்தாரா, இதில் ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

லூஃபி அண்ணனாக ஏற்றுக்கொண்ட எய்ஸின் கதையில் இது இன்னும் கொடுமை. தன் அப்பா கடற்கொள்ளையர்களின் அரசன் ரோஜர் என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்த விடை அவனைச் சாகும்வரை அரித்தது. நான் பிறந்தது சரிதானா என்று அவன் கார்ப்பிடம் கேட்டானே, அந்தக் கேள்விக்கு ‘யார்’ என்கிற விடை எதற்குப் பயன்படும்? அதற்கான பதில் அவனுடைய அம்மா ரூஜிடம் இருந்தது. கடற்படை ரோஜரின் குழந்தையைத் தேடி அலைந்தபோது, கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று 20 மாதம் வயிற்றிலேயே சுமந்தாள். பெற்றுப் பெயர் வைத்ததோடு அவள் உயிர் போனது. ஒருத்தி தன் உயிரைக் கொடுத்து இவன் பிறக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றிருக்கிறாள். அதை அவள் வாயால் கேட்கிற வாய்ப்பு அவனுக்கு இல்லாமல் போனது. என் மேல் அன்பு வைத்ததற்கு நன்றி என்று லூஃபியின் தோளில் சாய்ந்து சொல்லிவிட்டுச் சாகிறான். அந்த இடத்தில் நீ அழுதிருப்பாய். அழாதவர்கள் குறைவு.

அப்புறம், நீ நாமி பக்கம் என்கிறாய். நாமியின் அம்மாவைப் பற்றி உன் நோட்டில் எத்தனை பக்கம் இருக்கிறது? அந்த வளர்ப்புத்தாய் பெல்மேரில் கண்டுபிடிக்க ஒரு மர்மமும் கிடையாது என்பதால் ஒரு பக்கம்கூட இருக்காது என்று நினைக்கிறேன். போர்க்களத்தில் கிடைத்த இரண்டு குழந்தைகளைத் தூக்கி வந்து வளர்த்தவள் அவள். கடற்கொள்ளையன் ஆர்லாங் ஊருக்குள் வந்து தலைக்கு வரி கேட்கிறான்: பெரியவர்களுக்கு 1,00,000 பெரி (அந்தக் கதையின் பணம்), குழந்தைகளுக்கு 50,000. அவள் கையில் இருந்த பணம் அவள் ஒருத்திக்குச் சரியாக இருக்கும், அல்லது இரண்டு குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். எனக்குக் குடும்பம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். ஊர்க்காரர்களும் அப்படித்தான் அவளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. பணத்தைப் பிள்ளைகளுக்காகக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றாள்.

குடும்பம் என்றால் எனக்கு இதுதான். வளர்த்தவரின் கணக்கு வளர்ந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று இப்போது பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணவன் போய், கையில் இரண்டு வயதுக் குழந்தையோடு நின்ற ஒரு பெண், அடுத்த மாதத்தை எப்படி ஓட்டினார்? யாரெல்லாம் கை கொடுத்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள்? தனக்கா குழந்தைக்கா என்று வந்தபோது எத்தனை முறை அந்த 1,00,000 பெரிக் கணக்கைப் போட்டார்? இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வது பிள்ளையின் கடமை. அவர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீ கேட்க வேண்டிய கட்டாயம் உண்டு.

இந்தப் பகுதிக்கு எனக்கு வருகிற கடிதங்களில் ஒரு வகை உண்டு. அப்பாவோ அம்மாவோ இறந்த சில மாதம் கழித்து வரும். அலமாரியில் ஒரு புகைப்படம் கிடைத்தது, அதில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பது யார் என்று தெரியவில்லை, கேட்கவும் ஆளில்லை என்று எழுதுவார்கள். அதற்கு நான் என்ன பதில் எழுத முடியும்? லூஃபியின் அம்மா விஷயத்திலாவது, ஓடா மனசு வைத்தால் ஒரு நாள் வரைந்து காட்டிவிடுவார். அந்தப் புகைப்படக்காரர்களுக்கு வரைந்து காட்ட யாரும் இல்லை.

‘நாருட்டோ’ என்கிற இன்னொரு அனிமேயும் பார்த்திருப்பாய். அங்கேயும் பெற்றோர் யார் என்பது நெடுநாள் புதிர். ஆனால் அந்தப் பையன் நாருட்டோ தன் அம்மா குஷினாவை மனசுக்குள் முதல் முறையாகச் சந்திக்கிற இடத்தை நினைத்துப் பார். பிறந்த அன்றே பறிகொடுத்த அம்மா. அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்த பிறகு, அம்மாவைப் பார்த்தால் கேட்க வேண்டும் என்று அத்தனை வருடமும் வைத்திருந்த கேள்வியைக் கேட்கிறான். நீங்களும் அப்பாவும் எப்படிக் காதலித்தீர்கள்? அவ்வளவுதான் கேள்வி. குஷினாவின் முகம் மலர்ந்துவிடுகிறது. தன் சிவப்பு முடியைத் தனக்கே பிடிக்காமல் இருந்ததையும், தன்னைக் கடத்திக்கொண்டு போனபோது வழியில் அந்த முடியைப் போட்டுக்கொண்டே போனதையும், பின்னாளில் நாருட்டோவுக்கு அப்பாவான மினாட்டோ ஒருவன்தான் அதைக் கவனித்துத் தேடி வந்ததையும் சொல்கிறாள். அந்தக் கதையைச் சொல்லும்போது அவள் யாருக்கும் அம்மா இல்லை, முடி சிவப்பாக இருக்கிறதே என்று வருந்திய ஒரு சின்னப் பெண்.

காதல், குடும்ப மர்மம் என்று நீ மூன்று நோட்டில் தேடுகிற இரண்டும் அந்த ஒரு கேள்வியில் இருக்கின்றன. உன் வீட்டில் அதற்கு விடை தெரிந்தவர் உயிரோடு இருக்கிறார். உன் அப்பாவைப் பற்றி அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறாய், தவறிவிட்டார் என்று. உனக்கு அவரைப் பற்றி எவ்வளவு தெரியும்? அவர் எப்படிச் சிரிப்பார்? அம்மாவை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? அவர்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி முடித்ததா, தாங்களாகச் செய்துகொண்டதா? முகச்சாயல் பார்த்தே தியரி எழுதுகிறவளே, உன் முகத்தில் அவர் சாயல் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாயா?

இன்றிரவு வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பை எடுத்துத் தரையில் வை. பெட்டி மேல் இருக்கிற சார்ஜரையும் வயரையும் ஒதுக்கு. ஈரத்துணியால் பெட்டியை ஒரு முறை துடை. பிறகு, அன்றைக்கு எதை எடுக்க வந்தீங்கம்மா என்று கேள். உன் நோட்டை மட்டும் கையில் எடுக்காதே. போனில் பதிவு செய்யவும் வேண்டாம். அவர் தியரி இல்லை. பெட்டியை அவர் கையாலேயே திறக்கட்டும், நீ முந்திக்கொண்டு கிளறாதே. திறக்காவிட்டாலும் போகட்டும், அது அவருடைய பெட்டி. ஏதாவது பேச்சு வந்தால், நாருட்டோ கேட்டதைக் கேள்.

அம்மா முதலில் நம்ப மாட்டார். “அதெல்லாம் இப்ப எதுக்கு, நீ பார்த்து முடி, எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்பார். 21 வருடப் பழக்கம் அது. அப்போது சரி என்று லேப்டாப்பைத் திரும்பத் தூக்கி மேலே வைத்துவிடாதே. பெட்டிக்குப் பக்கத்தில், அவருக்கும் இடம் விட்டு உட்கார்ந்திரு.

தோழிக்கு நாளைக்குப் போன் செய்.