ஒரே எடைப்பிரிவு, வெவ்வேறு உடல்வாகு

கிருஷ்ணகிரியில் எம்.எம்.ஏ. (குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு) பயிலும் நீங்கள், 168 செ.மீ. உயரத்துடன் 66 கிலோ பிரிவில் நெடிய எதிராளிகளைச் சந்திக்கத் தயங்கி, 61 கிலோவுக்கு இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இறங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

உடலளவு முக்கியம்தான், எடை பார்ப்பது பெரும்பாலும் முந்தைய நாளே என்பதால், உடல்நீரை வற்றவைத்து எடை காட்டியவர் மறுநாள் சில கிலோ கூடுதலாகக் களமிறங்குகிறார், அந்தப் பாரம் கட்டிப்பிடித்து மல்லுக்கட்டும்போது நன்றாகவே தெரியும். ஆனால் உயரம் வேறு, கையெட்டு (இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல்நுனி முதல் மறு விரல்நுனி வரையுள்ள நீளம்) வேறு. உங்கள் உயரமே கொண்ட எம்.எம்.ஏ. வீரர் அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி, 180 செ.மீ. உயரமுள்ள மேக்ஸ் ஹாலோவேயை இதே பிரிவில் 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்றார். கையெட்டில் வோல்கனோவ்ஸ்கியே நீளமானவர்.

நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் ஓடி எடை குறைப்பது உயிருக்கே ஆபத்து. 2015-இல் ஒரு சீன வீரர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்த பிறகுதான், எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு, உடல்நீரை வற்றவைத்து எடை குறைக்கும் முறையைத் தடை செய்தது. முதலில் உங்கள் கையெட்டை அளந்து, பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.