அம்மாவின் மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் ஹெர்2 '2+' என்று இருக்கிறது. இது நல்லதா, கெட்டதா? ஃபிஷ் சோதனை கட்டாயம் செய்ய வேண்டுமா?

2+ என்றால், ஹெர்2 என்ற கலமேற்பரப்புப் புரதம் மிகையாக இருக்கிறதா என்ற சோதனை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். நல்லதா கெட்டதா என்று அதை வைத்துச் சொல்ல ஏலாது. அந்தப் புரதத்துக்கான பரம்பரையலகை (ஜீனை) எண்ணிப் பார்க்கும் சோதனைதான் ஃபிஷ், அதைச் செய்யுங்கள். கையில் காசு இல்லையென்றால் வேறு எந்தச் செலவையாவது தள்ளிப்போட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. அம்பாறை மாவட்டத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். "டீச்சருக்கு ஏன் இந்த வேலை, வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள்" என்று கீழே யாராவது எழுதுவார்கள். வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் கிளினிக்கில் உங்கள் நம்பர் வரும்போது பின்னால் ஒரு வரிசையே காத்து நிற்கும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போனவருக்குத்தான் பதில் கிடைக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டு நிலைமையும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அறிக்கை முழுக்க ஆங்கிலம். வீட்டில் படித்த பிள்ளை நீங்கள்தான் என்பதால் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருப்பீர்கள். என் பெரியம்மாவின் அறிக்கை வந்த அன்று காரைதீவில் எங்கள் வளவும் அப்படித்தான் இருந்தது.

பெரியம்மாவுக்குக் கட்டி தெரிந்தது வைகாசி மாதம். கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழா முடியட்டும், அதற்குப் பிறகு காட்டலாம் என்று நின்றார். நானும் தங்கச்சியும் விடவில்லை. ஊசியால் சதை எடுத்த அன்று, சின்னப் போத்தலில், இழையத்தைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவத்துக்குள் மெல்லிய நூல் துண்டுகள்போலக் கிடந்த அந்த இழையத்தை என் கையிலேயே தந்து ஆய்வுகூடத்தில் கொடுக்கச் சொன்னார்கள். போத்தலில் பெயரும் வயதும் மட்டும்தான் எழுதியிருந்தது. எடுத்தது எத்தனை மணிக்கு, போமலினில் போட்டது எத்தனை மணிக்கு என்று தாதியிடம் கேட்டு, லேபிளின் ஓரத்தில் நானே பேனையால் எழுதினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இன்றும் நான் சரியாகச் செய்தேன் என்று பெருமைப்படுகிற காரியம் அது. ஹெர்2 பார்ப்பதற்கு இழையம் ஒரு மணித்தியாலத்துக்குள் போமலினுக்குள் போக வேண்டும், அதற்குள் ஆறு மணித்தியாலம் தொடக்கம் எழுபத்திரண்டு மணித்தியாலம் வரை இருக்கலாம். அதைவிடக் குறைந்தாலும் கூடினாலும் நிறமேற்றும்போது புரதம் சரியாகத் தெரியாமல் போகலாம். வெள்ளி பின்னேரம் எடுத்து, இடையில் போயா விடுமுறையும் வந்து, செவ்வாய்க்கிழமை ஆய்வுகூடம் திறந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அறிக்கையில் ஈஸ்ட்ரஜன் வாங்கி (ஹோர்மோனைப் பிடிக்கும் புரதம், ரிசெப்டர் என்பார்கள்) இல்லை, புரொஜெஸ்டரோன் வாங்கி இல்லை, ஹெர்2 2+ என்று வந்தது. (முதல் இரண்டும் கலத்தின் கருவுக்குள் இருப்பவை, மேற்பரப்பில் இருப்பது ஹெர்2 மட்டும்தான். மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் திருத்த வருவதற்கு முன் சொல்லிவிட்டேன்.) இந்தச் சேர்க்கையில் ஃபிஷ் செய்யாமல் விடுவது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள். ஹெர்2வும் இல்லை என்று முடிவானால் மூன்றும் இல்லாத வகை, பெரும்பாலும் கீமோவைத்தான் நம்ப வேண்டும். ஹெர்2 இருக்கிறது என்று முடிவானால் அதற்கென்றே மருந்து இருக்கிறது. ஒரே கட்டி, ஒரே பெண், போகும் பாதை மட்டும் வேறு.

ஹெர்2 என்பது என்ன? கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் ஒரு வாங்கிப் புரதம். ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு பகுதி உள்ளே இருக்கும். தன் குடும்பத்தைச் சேர்ந்த மற்ற வாங்கிகளோடு சோடி சேர்ந்து, பிரிந்து பெருகு என்ற செய்தியை உள்ளே கடத்தும். நல்ல மார்பகக் கலத்திலும் இது உண்டு, கொஞ்சமாக. இதற்கான பரம்பரையலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கிறது. சாதாரணமாக ஒரு கலத்தில் இரண்டு பிரதிதான். சில புற்றுநோய்க் கலங்களில் அது பல மடங்காகப் பெருகிவிடும். அப்போது மேற்பரப்பு முழுக்க இந்த வாங்கி அடர்ந்து முளைக்கும். மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 முதல் 20 வீதம் இந்த வகை.

ஆய்வுகூடத்தில் அந்தப் புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை (அன்டிபொடியை) கண்ணாடி வழுக்கியில் இட்டுக் கபில நிறம் ஏற்றுவார்கள். பத்து வீதத்துக்கு மேலான புற்றுநோய்க் கலங்களைச் சுற்றி முழு வட்டமாக, கடும் நிறத்தில் தெரிந்தால் 3+. நுணுக்குக்காட்டியில் பார்க்கக் கோழிக்கூட்டுக் கம்பிவலை மாதிரியே இருக்கும். நோயியல் வைத்தியர்களும் அப்படித்தான் சொல்வார்கள். 0, 1+ என்றால் ஹெர்2 மிகைப்பு இல்லை. 2+ என்றால் வட்டம் இருக்கிறது, ஆனால் மங்கல். கண்ணால் பார்த்து முடிவு சொல்ல முடியாத இடம். அதனால்தான் புரதத்தை விட்டுவிட்டுப் பரம்பரையலகையே எண்ணப் போகிறார்கள். ஃபிஷ் என்பது அதுதான். ஒளிரும் புள்ளிகளாக ஹெர்2 பிரதிகளை ஒரு நிறத்திலும் 17ஆம் நிறமூர்த்தத்தின் மையப்பகுதியை இன்னொரு நிறத்திலும் காட்டி, இரண்டுக்குமான விகிதத்தைக் கணக்கிடுவார்கள். விகிதம் 2 அல்லது அதற்கு மேல், சராசரிப் பிரதிகளும் ஒரு கலத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் என்றால் பொசிட்டிவ். இடையில் வரும் சில சிக்கலான சேர்க்கைகளுக்கு வேறு விதிகள் உண்டு, அதை நோயியல் வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

அறிக்கையை வாங்கிய இடத்தில் கவுன்டரில் இருந்தவர், "2+ என்றால் நெகட்டிவ் மாதிரித்தான், யோசிக்க வேண்டாம்" என்றார். யார், எந்த இடம் என்று எழுத மாட்டேன். அந்த ஒரு வசனத்தை மாமா பிடித்துக்கொண்டார். கட்டாரில் இருந்து பெரியம்மாவின் மூத்த மகனும் போனில், "கீமோ தொடங்கட்டும் அக்கா, இதுக்கு மறுகா காசைக் கொட்டுறதா?" என்றான். அவனைக் குறை சொல்லவில்லை, வெயிலில் நின்று உழைத்து அனுப்பும் காசு அது. ஆனால் அவனுக்கு அன்றிரவு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1987இல் டெனிஸ் ஸ்லாமனும் அவரோடு சேர்ந்தவர்களும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெர்2 பரம்பரையலகு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வந்தது, ஆயுளும் குறைந்திருந்தது. அந்தக் காலத்தில் ஹெர்2 பொசிட்டிவ் என்பது கெட்ட செய்தி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் புரதம் இருப்பது கலத்தின் வெளிப்பக்கத்தில். பிறபொருளெதிரி பெரிய மூலக்கூறு, கலத்துக்குள் சுலபமாக நுழையாது. வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் பிடிக்கும். அப்படி ஹெர்2வைப் பிடிக்கச் செய்த டிரஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2005இல் வெளிவந்த பெரிய ஆய்வுகளில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு கீமோவோடு இதையும் கொடுத்தபோது நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நோயின் போக்கைச் சொல்லிப் பயமுறுத்திய அதே புரதம் மருந்து போய் ஒட்டும் இடமாக மாறிவிட்டது. கலமேற்பரப்புப் புரதங்களை இவ்வளவு பேர் தேடுவது இதற்காகத்தான். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் சிடி20 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பிடிக்கும் ரிடுக்சிமாப், டிரஸ்டுசுமாபுக்கு ஒரு வருடம் முன்பே, 1997இல் வந்துவிட்டது.

எல்லாம் கேட்டுவிட்டு அவன், "சரி அக்கா, செய்யுங்க" என்றான்.

இதற்குள் பெரியம்மா திண்ணையில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "என்ன புள்ள, எனக்கு வந்த வருத்தத்த எனக்கு ஒளிச்சுக் கதைக்கிறீங்க? மறுகா எனக்குத் தெரியாமலா போகும்?" என்று கேட்டார். அறிக்கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து வரிவரியாகச் சொன்னேன். கரித்துண்டால் சீமெந்து நிலத்தில் வட்டம் போட்டு வாங்கியையும் காட்டினேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் அந்த 2+ என்ன என்பதைப் பிறகு வந்த ஆட்களுக்கு அவரே விளக்கினார். உங்கள் அம்மாவுக்கும் சொல்லுங்கள். உடம்பு அவருடையது.

ஃபிஷ் செய்யக் கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. மெழுகில் பதித்த இழையக் கட்டையை, புளொக் என்பார்கள், ஆய்வுகூடத்தில் கையெழுத்து வைத்து வாங்கினேன். சின்னப் பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவில் மயிரளவு கோடுகளாகப் பெரியம்மாவின் சதை, ஓரத்தில் பென்சிலால் எழுதிய இலக்கம். அவ்வளவுதான், கைக்குள் அடங்கும். அது உருகிப்போனாலோ தொலைந்தாலோ மறுபடி ஊசி போட வேண்டும். இரவு பஸ்ஸில் கல்முனையில் இருந்து கொழும்பு வரைக்கும் கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை.

ஃபிஷ் பொசிட்டிவ். கீமோவும் டிரஸ்டுசுமாபும் சத்திரசிகிச்சையும் முடிந்து, பெரியம்மா இப்போது கிளினிக் போய் வருகிறார். வைகாசியில் கோயிலுக்கும் போனார். எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஃபிஷ் நெகட்டிவ் என்று வருபவர்களும் நிறையப் பேர். வந்தாலும் அந்த 2+ஐ மறந்துவிடாதீர்கள். நோய் வேறு இடங்களுக்குப் பரவிய சிலருக்கு, ஹெர்2 குறைவாக இருந்தாலும் பயன்படும் டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன் என்ற மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. விலை மிக அதிகம், உங்களுக்குக் கிடைக்குமா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் எழுதியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போக லீவு கேட்டபோது, "அம்மா இல்லையே, பெரியம்மாதானே" என்று மேலிடத்தில் மறுத்தார்கள். எங்கள் பக்கத்தில் குடி என்ற குலமுறை தாய்வழி. அம்மாவும் பெரியம்மாவும் ஒரே வளவுக்குள் வீடு கட்டி, ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளி, பிள்ளைகளை மாறி மாறி வளர்த்தவர்கள். என் அம்மா கண்மூடிய பிறகு என்னைப் படிப்பித்தது பெரியம்மா. லீவுப் படிவத்தில் அவருக்கு ஓர் இடம் இல்லை. சம்பளமில்லாத லீவில்தான் போனேன். பெரியம்மாவையும் தாயாகக் கணக்கெடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை பெண்கள் இந்தப் படிவத்தால் தவிக்கிறார்கள் என்று யாராவது கேட்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். யாராவது "இரத்தத்தில் கென்சர் மார்க்கர் பார்த்தால் போதும்" என்று சொல்லியிருப்பார்கள். சிஏ 15-3 என்பது மியூசின்1 என்ற மேற்பரப்புப் புரதத்தில் இருந்து கழன்று இரத்தத்துக்கு வரும் துண்டு. சிஏ 125 மியூசின்16இல் இருந்து வருவது. தெரிந்த நோய் சிகிச்சைக்கு எப்படி நடக்கிறது என்று பார்க்க வைத்தியர்கள் சில நேரம் பயன்படுத்துவார்கள். ஹெர்2 கேள்விக்கு அவை பதில் சொல்லாது. சும்மா பார்த்தால் பயம்தான் மிச்சம். மாமாவின் மகள், எனக்கு மச்சாள், ஒரு பக்கேஜில் சிஏ 125 கூடியிருக்கிறது என்று வந்து ஒரு மாதம் சாப்பிடாமல் அழுதாள். கடைசியில் அது கருப்பை உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ். மாதவிடாய், கர்ப்பம், ஈரல் நோய் எல்லாவற்றிலும் அது கூடும்.

நாளைக்கே போய் புளொக் எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது, அதன் இலக்கம் என்ன என்று எழுதி எடுங்கள். புளொக்கோடு நிறமேற்றிய வழுக்கிகளையும் அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள். வெயிலில் நிறுத்தும் வானின் கண்ணாடிப் பக்கம் வைக்காதீர்கள், மெழுகு இளகும். அரசாங்க வைத்தியசாலையில் ஃபிஷ் செய்ய வழி இருக்கிறதா என்று முதலில் உங்கள் புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள், இருந்தால் காசு மிச்சம். பொசிட்டிவ் என்று வந்தால் டிரஸ்டுசுமாப் தொடங்க முன் இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள், சிகிச்சை நடக்கும்போதும் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். அந்த மருந்து சிலருக்கு இதயத்தின் பம்புச் சக்தியைக் குறைக்கும் என்பதால்தான். அம்மாவுக்கு முன்பே இதய வருத்தமோ பிரஷரோ இருந்தால் அதை இப்போதே வைத்தியரிடம் சொல்லி வையுங்கள். ஆய்வுகூடத்தில் புளொக் தர மாட்டோம் என்றால், வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு திரும்பப் போங்கள். எனக்கும் கடிதம் காட்டிய பிறகுதான் தந்தார்கள்.