வாசகர் கேள்வி–பதில்: நீச்சல்குளம் இல்லாத ஊரில் நீச்சல்

கேள்வி: கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மாணவர்களின் பெற்றோர் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். அருகிலுள்ள நீச்சல்குளத்துக்கே ஒன்றரை மணி நேரம் பேருந்தில் போக வேண்டும், கட்டணமும் கட்டுப்படியாகாது. விடுமுறை விட்டால் பிள்ளைகள் கல்குவாரிக்கும் தடுப்பணைக்கும் ஓடுகிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?
– ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: நீச்சல்குளம் வரட்டும் என்று காத்திருந்தால், இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை வேலைக்கே போய்விடும். நம் ஊர்களில் நீச்சல் சொல்லிக்கொடுத்தது பாசனக் கிணறுதான். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையையும் இடுப்பில் கயிற்றையும் கட்டிப் பிள்ளையை இறக்கிவிட்டு, மாமாவோ சித்தப்பாவோ கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படியில் நிற்பார். கை கால் அடிக்கப் பழகப் பழகக் கயிறு தளரும், ஒரு நாள் குடுக்கையும் கழன்றுவிடும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் கீழே போனபின் அந்தக் கிணறுகளில் பல வற்றிவிட்டன. அவையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தவை அல்ல என்பதைச் சொல்லாமல் பழம்பெருமை பேசுவது நேர்மையாகாது. சாதியின் பெயரால் கிணற்று மேட்டிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களில் நீச்சல் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போக வழியே இருக்கவில்லை.

குவாரியில் கரை சரிவாக இறங்குவதில்லை. சுவர்போல் நேராக இறங்குவதால், ஓரடி தவறினாலும் பிள்ளைக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. தடுப்பணையில் பாசி வழுக்கும். மணல் அள்ளிய ஆற்றில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் பள்ளமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு முதல் பாடம் தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். அவர்களை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிவந்து, எந்த இடத்தில் இறங்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று ஊர் வரைபடம் ஒன்றை அவர்களையே வரையச் சொல்லுங்கள். கசம் எங்கே இருக்கிறது என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இறங்கிப் பழகுவதற்கு வங்கதேசத்தைப் பாருங்கள். அங்கே ‘ஸ்விம்சேஃப்’ என்ற திட்டத்தில், கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் அடைப்புக் கட்டி, அடியிலும் மூங்கில் தளம் போட்டு, குழந்தைக்கு எட்டும் ஆழத்தில் பயிற்சி தந்தார்கள்; பயிற்றுநர்களும் அந்த ஊர் இளைஞர்கள்தான். போட்டியில் வெல்ல வைப்பது அவர்கள் நோக்கமல்ல. 25 மீட்டர் நீந்திக் கடப்பது, அரை நிமிடம் மிதப்பது, தவித்துக்கொண்டிருப்பவரைக் கரையிலிருந்தே மீட்பது ஆகியவை கைவந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். உலகச் சுகாதார நிறுவனமும் 6 வயதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அடிப்படைத் திறன்களையே பரிந்துரைக்கிறது.

உங்கள் ஊரில் குடிநீருக்குப் பயன்படாத ஊருணியோ, படித்துறையுள்ள குளமோ இருந்தால் இதையே செய்யலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, ஊராட்சியிடமும் கல்வி அலுவலரிடமும் அனுமதியையும், பெற்றோரிடம் ஒப்புதலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு பயிற்றுநரிடம் ஐந்து பிள்ளைகளுக்கு மேல் விடாதீர்கள். தண்ணீருக்குள் இறங்காமல் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்கும் ஒருவர் கரையில் கட்டாயம் வேண்டும். மல்லாந்து மிதக்க முதலில் பழக்குங்கள்: காது தண்ணீருக்குள், முகவாய் மேலே, நெஞ்சு நிறைய மூச்சு. கைவீச்செல்லாம் பிறகு தானே வரும். மாணவிகளுக்குப் பெண் பயிற்றுநர், சுடிதாரோடு இறங்க அனுமதி, உடைமாற்ற ஒரு மறைப்பு ஆகிய மூன்றும் இல்லையென்றால் இரண்டாம் நாளே அவர்கள் வரமாட்டார்கள்.

கேள்வி: நீச்சல் தெரிந்தவன்தான் தண்ணீரில் போவான் என்பார்கள். கற்றுக்கொடுத்தால் துணிச்சல் கூடி ஆபத்தில் முடியாதா?
– ஒரு தாய், கடலூர் மாவட்டம்

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே 2022 ஜூனில், கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தவித்தவர்களைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் மூழ்கியதாகச் செய்திகள் கூறின. அவர்களைத் தண்ணீருக்குள் இழுத்தது நீச்சல் தெரிந்த துணிச்சல் அல்ல, கூட வந்தவர்கள்மீது இருந்த பாசம். வங்கதேசத்தில் இந்தப் பயிற்சி பெற்ற பிள்ளைகளிடையே மூழ்கி இறப்பது பெருமளவு குறைந்ததாகவே ஆய்வு காட்டியது. எனினும் உங்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. தேங்கிய குளத்தில் 25 மீட்டர் கடந்த பிள்ளை, வெள்ளம் வரும் ஆற்றிலும் அப்படியே கடக்கலாம் என்று நினைக்கும். ஆகவே நீச்சலோடு சேர்த்து, இறங்காமல் காப்பாற்றுவதையும் கற்றுத்தர வேண்டும்.

மூடி இறுகிய காலி எண்ணெய் கேன் ஒன்றில் கயிற்றைக் கட்டி, கரையிலிருந்து பத்தடி தூரத்தில் வைத்த கூடையில் விழும்படி எறியச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள். கயிறு இல்லாத இடத்தில் துப்பட்டாவும் வேட்டியும் முடிச்சுப் போட்டால் கயிறுதான். நீட்டுகிறவர் நின்றுகொண்டு நீட்டக் கூடாது; குப்புறப் படுத்து, பின்னால் ஒருவர் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்னும் நம் ஊர்களில் நடக்கின்றன. அதில் போவது உயிர் பிழைக்கக்கூடிய நிமிடங்கள். மூச்சில்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து, உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று விடாமல் தொடர வேண்டும். அந்த நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். உங்கள் ஊருக்குரிய தீயணைப்பு நிலையத்தைக் கேட்டால் செய்முறை விளக்கம் காட்ட வருவார்கள்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டு வயது. இப்போதே பழக்கலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இந்த வயதில் நீச்சலை நம்பி இருக்க முடியாது, கண்காணிப்பும் தடுப்பும்தான் பாதுகாப்பு. அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தால் இந்த வயதுக் குழந்தையால் நிமிர முடியாது; சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள், தரைத் தொட்டிக்கு மூடி போடுங்கள், வாய்க்கால் பக்கம் இருக்கும் வாசலுக்குக் குழந்தை திறக்க முடியாத படல் ஒன்று கட்டுங்கள். வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் வயலுக்குப் போகும் பகல்பொழுதில் அங்கன்வாடியில் விடுங்கள்.