ஆடிய கல்லூரிக்கே பயிற்சியாளராகத் திரும்புபவர் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பழைய வீரரையே அதே கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போடுகிறார்களே, இது பலன் தருகிறதா? அப்படி வருபவர் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பதில்:

பாட்ரிக் யூவிங் ஜார்ஜ்டவுனுக்கு 1984இல் தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். அந்தக் கல்லூரிக் கூடைப்பந்தில் அவரைவிடப் பெரிய வீரர் கிடையாது. 2017இல் தலைமைப் பயிற்சியாளராகத் திரும்பி, ஆறு சீசனில் 75 வெற்றி, 109 தோல்வியோடு 2023இல் நீக்கப்பட்டார். கிளைட் டிரெக்ஸ்லர் ஹூஸ்டனில் இரண்டே சீசன், 19-39. கிறிஸ் மல்லின் செயின்ட் ஜான்ஸில் நான்கு சீசன், 59-73. மூவரும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள். மறுபக்கம் மாட் பெயின்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பர்டூவில் 1989 முதல் 1993 வரை ஆடியவர், என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் பக்கமே போகாதவர். 2005இல் பொறுப்பேற்று, முதல் சீசனில் 9-19 என்று அடிவாங்கி, 2024இல் அணியை தேசிய இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார்.

வீரராகச் சம்பாதித்த பெயர் நியமன நாளன்று அரங்கை நிரப்பும், சீசன் டிக்கெட் விற்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

தோற்றவர்களுக்கு ஆட்ட நுணுக்கம் போதவில்லை என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யூவிங் என்.பி.ஏ.வில் சுமார் 15 ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஆட்டம் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் அங்கே அணியைச் சேர்த்துக் கொடுக்க நிர்வாகம் என்று ஒன்று தனியாக உண்டு. கல்லூரியில் ஆள் பிடிப்பதே பயிற்சியாளரின் பாதி வேலை. 2021இல் ஜார்ஜ்டவுன் தன் லீக்கான பிக் ஈஸ்டின் தொடர்க் கோப்பையை வென்றது. மூத்தவர்கள் படிப்பை முடித்துப் போனார்கள், வளையத்தருகே ஆடும் உயரமான வீரரான சென்டர் வேறு கல்லூரிக்கு மாறினார், அந்த இடங்கள் சரியாக நிரம்பவில்லை. அடுத்த சீசனில் அதே லீக்கில் 0-19.

இதற்கு நேர் எதிர்ச் சான்று ஃபிரெட் ஹாய்பெர்க். பயிற்சியாளர் அனுபவம் துளியும் இல்லாமல் 2010இல் தான் ஆடிய அயோவா ஸ்டேட்டுக்கு வந்தார். ஐந்து சீசனில் 115-56. அதற்கு முன் மினசோட்டா டிம்பர்வுல்ஸ் என்ற என்.பி.ஏ. அணியின் நிர்வாகத்தில் வீரர்களை எடைபோடும் வேலையில் இருந்தவர். பிற கல்லூரிகளிலிருந்து மாறி வருபவர்களை வைத்து அணி கட்டலாம் என்பதை, அது பொது வழக்கமாவதற்கு முன்பே செய்து காட்டினார்.

எனவே பொறுப்பேற்கும் நாளில் முதல் தொலைபேசி அழைப்பு பத்திரிகைக்குப் போகக் கூடாது. இருக்கும் வீரர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் போக வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் மாறினால் அந்த அணி வீரர்களுக்கென்று மாற்றுச் சாளரம், அதாவது வேறு கல்லூரிக்கு மாற அனுமதிக்கும் காலம், தனியாகத் திறக்கும். 2024 முதல் எத்தனை முறை மாறினாலும் ஒரு சீசன் உட்கார வேண்டியதில்லை. பழைய காலத்தில் மாறினால் ஓராண்டு வீணாகுமே என்று வீரர் யோசிப்பார். இன்று அந்தத் தயக்கம் இல்லை.

அடுத்து நிமிடக் கணக்கு. ஒரு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், மொத்தம் 200 நிமிடம். போன சீசனில் அந்த 200இல் எத்தனை நிமிடம் ஆடியவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 100க்குக் கீழே போனால் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை நம்பிக் காத்திருக்க நேரமில்லை, மாறி வரும் மூத்தவர்களைத் தேட வேண்டும். 2024இல் கென்டக்கிக்கு வந்த மார்க் போப்புக்கு, அதே கல்லூரியின் 1996 பட்ட அணிக்குக் கேப்டனாக இருந்தவருக்கு, உதவித்தொகை வீரர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பூஜ்யம். ஆனால் அவர் யூட்டா வேலியிலும் பிரிகம் யங்கிலும் ஒன்பது சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தவர். யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது. முதல் சீசனிலேயே தேசியத் தொடரின் கடைசி 16 அணிகளுக்குள் போனார்கள்.

தேடும்போது வரிசை முக்கியம். முதலில் பந்தை ஏற்றிச் செல்லும் பாயிண்ட் கார்டு, அடுத்து வளையத்தைக் காக்கும் உயரமானவர், பிறகுதான் தொலைவிலிருந்து கூடைக்குள் எறிபவர்கள். கென்னி பெய்ன் கென்டக்கியில் பத்தாண்டு உதவிப் பயிற்சியாளராக ஆள் சேர்ப்பில் பெயர் எடுத்தவர். தான் ஆடிய லூயிவில்லுக்கு 2022இல் வந்தபோது, தேர்ந்த பாயிண்ட் கார்டு இல்லாமலே சீசனைத் தொடங்கினார். முடிவு 4-28. அடுத்த சீசன் 8-24, அத்தோடு வேலை போயிற்று.

பணத்தைப் பற்றி கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும், பின்பு அல்ல. 2025-26இலிருந்து கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அந்த ஆண்டுக்கான உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர். அமெரிக்கக் கால்பந்து வைத்திருக்கும் கல்லூரியில் பெரும்பங்கு அங்கேதான் போகும். கூடைப்பந்தின் பங்கு எவ்வளவு என்று எண்ணாகவே எழுதி வாங்க வேண்டும். ‘நம்ம பையன், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்வார்த்தை, வீரர்கள் எளிதில் கல்லூரி மாறும் இந்தக் காலத்தில் செல்லாது.

உதவியாளர் விஷயம். மாட் டோஹர்ட்டி 2000இல் தான் ஆடிய வட கரோலினாவுக்கு வந்தபோது, நோட்ர டேமிலிருந்து தன் ஆட்களைக் கூட்டி வந்தார்; வட கரோலினாவில் பல ஆண்டுகள் இருந்த உதவியாளர்களுக்கு இடமில்லை. முதல் சீசன் 26-7. பழைய வீரர்களின் மனக்கசப்பு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அடுத்த சீசன் 8-20 ஆனபோது துணைக்கு நிற்க ஆளில்லை. 2003இல் விலகினார். பழைய குழுவில் ஒருவரையாவது வைத்துக்கொள்வது நன்றிக்காக மட்டும் இல்லை. எந்த வீரரின் அம்மாவிடம் எப்போது பேச வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். டியூக்கில் ஆடிய ஜான் ஷையர் பல ஆண்டுகள் அதே பெஞ்சில் உதவியாளராக உட்கார்ந்த பிறகுதான் 2022இல் பொறுப்பேற்றார். அவரும் எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளாமல், அணிக்கென்று ஒரு பொது மேலாளரை நியமித்தார்.

பயிற்சியில் என்.பி.ஏ.விலிருந்து வருபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு என்பது விதி. வீடியோ பார்ப்பதும் எடை தூக்குவதும் இதற்குள்தான் அடங்கும். பத்தொன்பது வயதுப் பையனிடம் நாற்பது ஆட்டத் திட்டங்களைத் திணித்தால், கடைசி இரண்டு நிமிடத்தில் ஒன்றுகூட நினைவுக்கு வராது. பத்துப் பன்னிரண்டு போதும். மீதி நேரத்தைத் தற்காப்புக்கும், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கும் கொடுக்கலாம். பந்து கிடைத்த அணி கூடைக்கு எறிந்தாக வேண்டிய நேரம் கல்லூரியில் 30 வினாடி, என்.பி.ஏ.வில் 24. அந்த ஆறு வினாடியில் எதிரணி இரண்டாவது முயற்சியைத் தொடங்கும், எனவே தற்காப்பு அதிக நேரம் குலையாமல் நிற்கப் பழக வேண்டும்.

சொந்த ஊரில் பிரசிடெண்ட் ஆனவரின் நிலைதான் இவருக்கும். கூட ஆடியவர், நன்கொடையாளர், பழைய பேராசிரியர் என்று எல்லோரும் தோளில் கை போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் வருவார்கள். முதல் வாரத்திலேயே அந்தக் கதவுக்கு ஒரு விதி வேண்டும்: பயிற்சியைப் பார்க்க வரலாம், வீரர்களிடம் பேசுவது பயிற்சியாளர் வழியாக மட்டும்.

ஒப்பந்தத்தில் ‘காரணத்தோடு நீக்கம்’ என்ற பத்தியைச் சொந்த வழக்கறிஞர் படிக்க வேண்டும். கெவின் ஒல்லி, தான் ஆடிய கனெக்டிகட்டுக்கு 2014இல் பட்டம் வாங்கித் தந்தார். 2018இல் அதே கல்லூரி, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிகளை மீறியதைக் காரணம் காட்டி, மீதிச் சம்பளம் தராமல் நீக்கியது. மத்தியஸ்தத் தீர்ப்பில் 1.1 கோடி டாலருக்கு மேல் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு 2022 வரை ஆயிற்று.