அப்பா ஆஸ்பத்திரில இருக்கார், காப்பீட்டு கார்டு இல்ல, நிலத்தை எழுதிக் கொடுத்துடலாமா?

கேள்வி: சார், நாங்க பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்கு 52 வயசு, தக்காளி மார்க்கெட்ல பெட்டி ஏத்துற வேலை. போன வாரம் ராத்திரி நெஞ்சு வலி வந்துச்சு, அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனோம், பெட் இல்ல வேற எங்கயாவது கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க, பயத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்துட்டோம். ஆஞ்சியோகிராம்ல மூணு அடைப்பு இருக்கு, பைபாஸ் பண்ணணும், நாலரை லட்சம் ஆகும்ங்கறாங்க. இதுவரைக்கும் பில் 1,85,000, அம்மா தாலிக்கொடிய அடகு வச்சு 90,000 கட்டிட்டோம். மீதி கட்டாம வெளிய விட மாட்டோம்னு சொல்றாங்க, எழுதாத செக் ஒண்ணு கையெழுத்து போட்டு கேக்கறாங்க. காப்பீட்டு கார்டு தாத்தா பேர்ல பழசு ஒண்ணு இருக்கு, அது செல்லாதாம். ஊர்ல ஒருத்தர் அஞ்சு வட்டிக்கு பணம் தரேங்கறார், ஆனா எங்க 40 சென்ட் நிலத்தை அவர் பேருக்கு கிரயம் பண்ணி கொடுக்கணுமாம், பணம் கட்டினதும் திருப்பி எழுதி தரேன்னு சொல்றார். என்ன பண்றதுன்னே தெரியல சார்.

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு. நிலத்தை கிரயம் பண்ணாதீங்க. மீதி எல்லாத்தையும் கீழ சொல்றேன், ஆனா இது ஒண்ணை மட்டும் இப்பவே அம்மாகிட்ட போன்ல சொல்லிடுங்க, ஏன்னா கடன் கொடுக்கறவர் நாளைக்கு காலைல சப் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வண்டி வச்சு கூட்டிட்டு போயிடுவார், அங்க ரேகை வச்சுட்டா அப்புறம் நான் வந்தாலும் ஒண்ணும் பண்றது கஷ்டம்.

ஏன் இவ்வளவு அடிச்சு சொல்றேன்னா, தர்மபுரி கோர்ட்ல இத்தனை வருஷத்துல இந்த மாதிரி வந்தவங்க ரொம்ப பேரு. ஒரு அம்மா காரிமங்கலம் பக்கத்துல இருந்து வந்தாங்க, மஞ்சப்பைல வீட்டுக்காரரோட டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை சீட்டு, அதுக்கு அடில மடிச்ச கிரய பத்திர நகல். ஆஸ்பத்திரிக்கு வாங்கினது 2 லட்சம், பத்திரத்துல போட்டிருந்தது முழு விலைக்கு மாந்தோப்பு வித்தாச்சுன்னு. திருப்பி எழுதி தரேன்னு வாயால சொன்னாராம். சொத்து மாற்றுச் சட்டம் 58வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பணம் கட்டினா நிலத்தை திருப்பி தரணும்ங்கற நிபந்தனை அதே கிரய பத்திரத்துக்குள்ளயே எழுதியிருந்தாதான் அதை அடமானம்னு எடுத்துக்க முடியும். வாய் வார்த்தைக்கும் தனியா எழுதின வெள்ளை பேப்பருக்கும் அந்த பலம் கிடையாது. அந்த அம்மாவுக்காக நாலு வருஷம் கேஸ் நடத்தினேன், தோப்பு திரும்பி வரல. இன்னும் அந்த மஞ்சப்பை கண்ணுலயே இருக்கு. கட்டாயம் பணம் வேணும்ங்கற நிலை வந்தா அடமான பத்திரம்னு தெளிவா எழுதி பதிவு பண்ணுங்க, இல்ல கூட்டுறவு சங்கத்துல நகைக்கடன் கேளுங்க. பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கறதும் கிரயம் மாதிரியேதான், அதுவும் வேண்டாம். மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாத்துக்கும் தமிழ்நாட்டுல 2003லயே தடைச் சட்டம் இருக்கு, மிரட்டினா போலீஸ்ல புகார் கொடுக்கலாம்.

இப்ப கார்டு விஷயம். உங்க வீட்ல இருக்கறது 2009ல வந்த கலைஞர் காப்பீட்டு கார்டா இருக்கும்னு நினைக்கிறேன். அதுக்கப்புறம் 2012ல இருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஓடுது, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோட சேர்த்துட்டாங்க, இப்ப ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். பெட்டி ஏத்துற கூலிதான் வருமானம்னா நீங்க தாராளமா இதுக்குள்ள வருவீங்க. தாத்தா கார்டு செல்லாதுன்னு சொன்னது சரியாத்தான் இருக்கும், ஏன்னா உங்கப்பா தனி ரேஷன் கார்டு வாங்கி பிரிஞ்சிருப்பார், அந்த புது ரேஷன் கார்டுக்கு புதுசா பதியணும். ஆனா "கார்டு செல்லாது"ங்கறதும் "உங்களுக்கு காப்பீடு கிடையாது"ங்கறதும் ஒண்ணு இல்ல தம்பி, இந்த இடத்துலதான் முக்காவாசி பேர் கையை விரிச்சுட்டு கடன்காரர் வீட்டுக்கு போறாங்க. ஆஸ்பத்திரில சேர்ந்தாச்சு இனிமே பதிய முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, வருஷம் பூரா பதியலாம்.

நாளைக்கு காலைல அம்மாவையே போகச் சொல்லுங்க, நீங்க அப்பாகூட இருங்க. ரேஷன் கார்டு, அதுல பேர் இருக்கற எல்லார் ஆதாரும், விஏஓகிட்ட வருமானச் சான்று. விஏஓகிட்ட ஆஸ்பத்திரில இருக்கற விஷயத்தை சொன்னா அன்னைக்கே போட்டுக் கொடுப்பாங்க, நான் பார்த்திருக்கேன். ஆஸ்பத்திரில உள்நோயாளியா இருக்கார், பைபாஸ் தேவைன்னு டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி அதையும் கையில வச்சுக்கட்டும். தர்மபுரி கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டுத் திட்ட பதிவு மையம் இருக்கு, நேரா அங்கதான். போறதுக்கு முன்னாடி 1800 425 3993க்கு போன் போட்டு, ரெண்டு விஷயம் கேளுங்க, அப்பா இருக்கற ஆஸ்பத்திரி இந்த திட்டத்துல இருக்கா, இதய அறுவை சிகிச்சைக்கு அங்க அனுமதி உண்டா. சில ஆஸ்பத்திரி திட்டத்துல இருக்கும் ஆனா எல்லா ஆபரேஷனுக்கும் இருக்காது.

இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு முன்னாடி காப்பீட்டுல அனுமதி வாங்கினாதான் பணம் வரும். முதல்ல பண்ணிடலாம் அப்புறம் கார்டுல போட்டுக்கலாம்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, கட்டின காசை திருப்பி தர்ற திட்டம் இல்ல இது. அதனால இதுவரைக்கும் ஆன 1,85,000 இதுல வராது, அதை நான் மறைக்க விரும்பல. வரப்போற நாலரை லட்சத்துக்குத்தான் இது.

கார்டு வந்தாலும் வராட்டியும் அரசு ஆஸ்பத்திரில பைபாஸ் உண்டு, அதுக்கு காசு கிடையாது. சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல இதயப் பிரிவு இருக்கு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கு. அங்க கார்டு கேப்பாங்க, ஏன்னா கார்டு இருந்தா அரசு ஆஸ்பத்திரியே காப்பீட்டுல இருந்து பணம் வாங்கிக்கும். கார்டு இல்லன்னு சொல்லி சிகிச்சை இல்லங்க முடியாது. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஜனங்க பெங்களூரு ஜெயதேவா இதய ஆஸ்பத்திரிக்கு போறது வழக்கம், அங்க போறதா இருந்தா நம்ம கார்டு அங்க ஓடுமான்னு அதே நம்பர்ல கேட்டுட்டு போங்க. உங்கப்பாவை வண்டில கொண்டு போகலாமா, எத்தனை நாள் தாங்கும்ங்கறதை இதய டாக்டர்தான் சொல்லணும், அதுல நான் வாய் திறக்க மாட்டேன். கொண்டு போகலாம்னு சொன்னா ஒரு ஆஸ்பத்திரில இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்த 108 இலவசம்.

அடுத்து, பணம் கட்டாம வெளிய விட மாட்டோம்ங்கறது. இது சட்டப்படி தப்பு, சந்தேகமே வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு பாக்கி வரணும்னா அவங்க சிவில் கோர்ட்ல கேஸ் போட்டு வாங்கிக்கலாம், மனுஷனை பிடிச்சு வச்சு வாங்க முடியாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல கொடுத்த நோயாளி உரிமை சாசனத்துலயே பில் தகராறுக்காக நோயாளியையோ இறந்தவங்க உடலையோ நிறுத்தி வைக்கக் கூடாதுன்னு இருக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 127வது பிரிவுல சட்டவிரோதமா அடைச்சு வைக்கறது குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். ஆனா சண்டை போடாதீங்க தம்பி, அப்பா இன்னும் அவங்க கையிலதான் இருக்கார். பில்லிங் கவுண்டர்ல கத்தாம மேனேஜர்கிட்ட ஒரு வெள்ளை பேப்பர்ல எழுதிக் கொடுங்க: மேல் சிகிச்சைக்கு வேற ஆஸ்பத்திரிக்கு கொண்டு போறோம், ஐட்டம் வாரியா பில் வேணும், பாக்கிய தவணைல கட்ட தயாரா இருக்கோம்னு. நகல்ல சீல் போட்டு வாங்குங்க, போட மாட்டேன்னா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அவங்களுக்கே அனுப்பிடுங்க. அப்பவும் விடலன்னா 112க்கு போன், அப்படியே மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ்க்கு ஒரு புகார். தனியார் ஆஸ்பத்திரிங்களோட பதிவு அந்த ஆபீஸ் கையிலதான் இருக்கு, 1997 தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்துல. அங்க இருந்து ஒரு போன் போனாலே பெரும்பாலும் பேச்சு மாறிடும்.

எழுதாத செக் கொடுக்கவே கூடாது. அதுல அவங்க என்ன தொகை வேணா நிரப்பலாம், பவுன்ஸ் ஆனா மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138வது பிரிவுல உங்க மேல கிரிமினல் கேஸ் வரும். அதே மாதிரி, வெளிய வரும்போது "டாக்டர் சொல்லியும் கேக்காம எங்க சொந்தப் பொறுப்புல போறோம்"னு அச்சடிச்ச ஒரு பாரத்துல கையெழுத்து கேப்பாங்க. கையெழுத்து போட்டே ஆகணும்னா "பணம் இல்லாததால அரசு மருத்துவமனைக்கு மேல் சிகிச்சைக்கு கொண்டு போகிறோம்"னு உங்க கையால தமிழ்ல எழுதி அதுக்கு கீழ கையெழுத்து போடுங்க, பின்னாடி இந்த ஒரு வரி ரொம்ப உதவும்.

அரசு ஆஸ்பத்திரில பெட் இல்லன்னு அனுப்பிட்டாங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதை அப்படியே விட்டுடாதீங்க. மேற்கு வங்காளத்துல 1992ல ஒரு விவசாயத் தொழிலாளி ரயில்ல இருந்து விழுந்து தலைல அடிபட்டுச்சு, ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரியா கொண்டு போனாங்க, எங்கயும் பெட் இல்ல, வசதி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, கடைசில தனியார்ல சேர்த்து காசு கொடுத்து பார்த்தாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1996ல தீர்ப்பு, அவசர சிகிச்சை கொடுக்காம அனுப்பறது அரசியல் சட்டம் 21வது பிரிவு கொடுக்கற உயிர் வாழும் உரிமைய மீறறதுன்னு சொல்லி அரசு 25,000 ரூபாய் கொடுக்கணும்னு சொன்னாங்க. பணம் இல்லைங்கறதை அரசு காரணமா சொல்ல முடியாதுன்னும் அதே தீர்ப்புல இருக்கு. உங்க கதையும் இதே கதைதான். அன்னைக்கு ராத்திரி ஓபி சீட்டு போட்டிருந்தா பத்திரமா வைங்க, சீட்டே போடலன்னா எத்தனை மணிக்கு போனீங்க, யார்கூட போனீங்க, எந்த வண்டின்னு இன்னைக்கே எழுதி வைங்க, ரெண்டு மாசம் போனா நேரம் எல்லாம் குழம்பிடும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல அம்மா பேர்ல மனு கொடுங்க, மனு ரசீது வாங்காம வராதீங்க. அந்த மனுவிலயே தனியார்ல ஆன செலவுக்கு முதலமைச்சர் பொது நிவாரண நிதில இருந்து உதவி கேளுங்க. கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது, கேக்கறதுக்கு உரிமை இருக்கு.

தனியார் பில்ல ஏதாவது அநியாயம் இருந்தா, செய்யாத டெஸ்ட்டுக்கு காசு போட்ட மாதிரி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள போகலாம். கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் ஃபீஸ் பத்தி கவலைப்படாதீங்க, பெண்கள்னா வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, அதனாலதான் எல்லாத்தையும் அம்மா பேர்ல கொடுங்கன்னு சொல்றேன். மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, இல்ல 15100க்கு போன் பண்ணுங்க.

கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி, எக்கோ ரிப்போர்ட், முக்கியமா ஆஞ்சியோகிராம் சிடி, எல்லாம் கேட்டு வாங்குங்க. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள ரெக்கார்டு கொடுக்கணும்னு மருத்துவ கவுன்சில் 2002 விதிலயே இருக்கு, பாக்கி இருக்குன்னு சொல்லி நிறுத்த முடியாது. அந்த சிடி இல்லாம சேலம் போனா ஆஞ்சியோகிராமை திரும்ப முதல்ல இருந்து பண்ணுவாங்க, அப்பா உடம்பு இன்னொரு தடவை அதை தாங்கணும். அதனால சிடிய கையில வாங்கி, வேற கம்ப்யூட்டர்ல போட்டு படம் ஓடுதான்னு பார்த்துட்டு அப்புறமா 108ஐ கூப்பிடுங்க.